ஏரியில் கழிவு கொட்டினால்: ஊர்க்குழுவுக்குப் பயிற்சி கொடுப்பது முதல் பசுமைத் தீர்ப்பாயம் வரை

இரவில் ஏரிக்கரையில் டேங்கர் நிற்கிறது. காலையில் மீன் செத்து மிதக்கிறது. ஊரே கொதிக்கிறது, மறியல் நடக்கிறது, அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஆறு மாதம் கழித்து ஒரு வழக்கறிஞர் "என்ன ஆதாரம் இருக்கிறது?" என்று கேட்கும்போது, வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி மங்கிப்போன நான்கு படமும் தேதி இல்லாத மனுவின் நகலும்தான் கையில் இருக்கும். பெரும்பாலான புகார்கள் சாவது இந்த இடத்தில்தான். சட்டம் இல்லாமல் இல்லை. முதல் சில நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் குறை.

தமிழ்நாட்டில் ஓர் ஊர்க்குழுவோ, குடியிருப்போர் சங்கமோ, இளைஞர் மன்றமோ இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கினால் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை இங்கே எழுதியிருக்கிறோம். சம்பவம் நடந்த பிறகு படிப்பதைவிட, நடக்கும் முன்பே படித்து வைப்பது நல்லது.

1. முதலில் காலக்கெடு

மற்ற எதையும்விட இதை முதலில் மனதில் வையுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தனி அமைப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதற்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 14ஆம் பிரிவில் வழக்குப் போட, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தீர்ப்பாயம் தரலாம். அதற்குமேல் ஒரு நாள்கூடத் தர அதற்கு அதிகாரம் இல்லை.

"இன்னும்தான் கொட்டிக்கொண்டிருக்கிறார்களே, தினமும் புதுக் குற்றம்தானே" என்ற வாதத்தை நம்பி உட்காராதீர்கள். சட்டத்தில் இருக்கும் சொல் "முதன்முதலில்" என்பது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுக்கும் முதல் ஆயுதமும் அதுதான்.

இழப்பீடும், கெட்டுப்போன இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் உத்தரவும் கேட்பது 15ஆம் பிரிவில் வரும். அதற்கு 5 ஆண்டு, கூடுதலாக 60 நாள். ஓர் ஆலைக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்வது 16ஆம் பிரிவு. அதற்கு 30 நாள், கூடுதலாக 60 நாள். ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்களுக்கும் 15ஆம் பிரிவு திறந்திருக்கலாம் என்பதால் உடனே கைவிட்டுவிட வேண்டாம்.

ஆகவே சம்பவம் தெரிந்த அன்றே ஒரு காலண்டரில் மூன்று தேதியைக் குறியுங்கள்: 15ஆம் நாள் (மனு போட்டாகியிருக்க வேண்டும்), 60ஆம் நாள் (தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்திருக்க வேண்டும்), 120ஆம் நாள் (தீர்ப்பாய மனுவின் வரைவு தயாராக வேண்டும்). மீதி இரண்டு மாதம் எதிர்பாராத தாமதத்துக்கு.

2. எந்தக் குற்றத்துக்கு எந்த அலுவலகம்

தவறான அலுவலகத்துக்குப் போன மனு "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற குறிப்போடு மாதக்கணக்கில் ஊர் சுற்றும். அதைத் தவிர்க்க:

ஆலைக் கழிவுநீர், புகை, அபாயகரமான கழிவு என்றால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். மருத்துவக் கழிவுக்கும் அவரே. அதோடு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் நகல் அனுப்புங்கள். வீட்டுக் குப்பையும் செப்டிக் டேங்க் லாரியும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு: நகரத்தில் ஆணையர், ஊராட்சியில் வட்டார வளர்ச்சி அலுவலர்.

ஏரி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இது தெரியாமல் நீர்வளத் துறைக்கு எழுதினால், அது எங்கள் ஏரி இல்லை என்ற பதில் வர ஒரு மாதம் போய்விடும். ஏரியின் சர்வே எண்ணை எடுத்து, அ-பதிவேட்டில் (நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) எப்படி வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று அரசின் மின்சேவைத் தளத்தில் கட்டணமில்லாமல் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியருக்கும் சேர்த்து எழுத வேண்டும். அதற்குத் தனியாக 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது.

மணல், சவுடு, கல் என்றால் கனிமவளத் துறை உதவி இயக்குநரும் காவல் நிலையமும். காட்டுயிர் வேட்டை, கடத்தல் என்றால் வனச்சரகர். மாநில எல்லை தாண்டிய கடத்தல் போலத் தெரிந்தால் காட்டுயிர்க் குற்றக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகம். பசுமைத் தீர்ப்பாயம் எந்தெந்தச் சட்டங்களின் கீழ் விசாரிக்கலாம் என்று சொல்லும் அட்டவணையில் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இல்லை. எனவே வேட்டை வழக்கோடு தீர்ப்பாயத்துக்குப் போகாதீர்கள். அது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை.

நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்தால் 112. மனு போட்டும் அசைவில்லை என்றால் முதலமைச்சர் உதவி எண் 1100. அங்கே கொடுக்கும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் அதுவும் ஓர் ஆவணம்.

3. குழுவும் பயிற்சியும்

பத்துப் பேர் போதும். ஐம்பது பேர் கொண்ட குழுவில் ஆளாளுக்குப் படம் எடுப்பார்கள், யாருடைய படம் எது என்று பிறகு தெரியாது. பத்தில் மூன்று பேர் பதிவு செய்பவர்கள், இரண்டு பேர் ஆவணக் காப்பாளர்கள், இரண்டு பேர் அலுவலகங்களுக்குப் போய் வருபவர்கள். மற்றவர்கள் கண்காணிப்புக்கு. ஆடு மேய்ப்பவர், மீன் குத்தகைக்காரர், ஏரிக்கு மடை திறப்பவர் (சில ஊர்களில் நீர்க்கட்டி, சில ஊர்களில் மடையர்) ஆகியோரில் ஒருவராவது குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீரின் நிறம் மாறியதை முதலில் கவனிப்பவர்கள் இவர்கள்தான். பட்டதாரிகளை மட்டும் சேர்த்த குழுவுக்குச் செய்தி இரண்டு நாள் தாமதமாகவே வரும்.

பயிற்சிக்கு இரண்டு அரைநாள் ஒதுக்குங்கள். முதல் அரைநாள் உட்கார்ந்து: காலக்கெடு, அலுவலகங்கள், பாதுகாப்பு, எது ஆதாரம் எது ஆதாரம் இல்லை. இரண்டாவது அரைநாள் கட்டாயம் ஏரிக்கரையில்: படம் எடுத்தல், நாட்குறிப்பு எழுதுதல், மாதிரி எடுத்தல் எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் கையால் செய்து பார்க்க வேண்டும். பேச்சைக் கேட்டு மட்டும் போனவர்கள், நிஜமாக லாரி வந்து நிற்கும் இரவில் கைநடுக்கத்தில் வண்டி எண்ணை விட்டுவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாவது பகுதியை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

சட்டப் பகுதியை எடுக்க ஆள் வேண்டுமா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துவது அவர்கள் கடமைகளில் ஒன்று, கட்டணம் இல்லை. இலவசச் சட்ட உதவி எண் 15100. அறிவியல் பகுதிக்கு அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் அல்லது சுற்றுச்சூழல் பொறியியல் துறை ஆசிரியரைக் கூப்பிடுங்கள். மாதிரி எடுக்கும் பாட்டிலை எப்படிக் கழுவுவது என்பதை அவர்கள் கையில் பார்த்துக் கற்பதுதான் சரி.

பாதுகாப்பு விதிகளைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், கடைசிக்கு ஒத்திப்போடாதீர்கள். மருத்துவக் கழிவைக் கையால் கிளறக் கூடாது, ஊசி குத்தினால் மஞ்சள் காமாலை வைரஸும் எச்ஐவியும் பரவலாம். அடையாளம் தெரியாத டிரம்மை உருட்டவோ திறக்கவோ கூடாது. மூடிய தொட்டி, குழி எதிலும் தலையை நீட்டக் கூடாது, விஷவாயு சில மூச்சில் ஆளை விழவைக்கும். தனியார் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. லாரியை மறிக்கக் கூடாது. இரவில் தனியாகப் போகக் கூடாது. கடைசி இரண்டையும் இளைஞர்கள் கேட்க மாட்டார்கள், அதனால் இரண்டு முறை சொல்லுங்கள். வண்டியை மறித்தால் வழக்கு உங்கள்மேல் திரும்பும். எண்ணைக் குறித்தால் அவர்கள்மேல் போகும்.

4. படமும் நாட்குறிப்பும்

ஒரு சம்பவத்துக்கு ஐந்து படம் என்று பழக்குங்கள். முதல் படம் தூரத்திலிருந்து, இடம் அடையாளம் தெரியும்படி: மேல்நிலை நீர்த்தொட்டி, கோயில் கோபுரம், மைல்கல். இரண்டாவது நடுத்தூரம். மூன்றாவது கிட்டத்தில், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து அளவு தெரியும்படி. நான்காவதில் வண்டியின் எண்ணும் அது கொட்டுவதும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும். எண் ஒரு படத்திலும் கழிவு இன்னொரு படத்திலும் இருந்தால், "அந்த வண்டி சும்மா நின்றது" என்பார்கள். ஐந்தாவது, கழிவில் ஒட்டியிருக்கும் லேபிள், பார்கோடு, ரசீது.

அருகில் மின்கம்பம் இருந்தால் அதில் பெயிண்டில் எழுதிய எண்ணையும் படம் எடுங்கள். செயற்கைக்கோள் ஆயத்தொலைவைவிட, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு இடத்தைக் காட்ட அந்த எண் உடனே உதவும்.

லேபிளின் மதிப்பை 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் பார்த்தோம். கேரளத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மருத்துவக் கழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் குவியலுக்குள் கிடந்த மருத்துவமனைக் காகிதங்களே காட்டிக்கொடுத்தன. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்ட பிறகு, கேரள அரசே லாரிகள் அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அந்தக் காகிதங்களை யாராவது எரித்திருந்தால் கதை வேறு. ஆகவே கழிவுக்குத் தீ வைக்க யாரையும் விடாதீர்கள். நோயாளி பெயர் உள்ள சீட்டைப் படம் எடுத்தால், அதிகாரிக்கு முழுப்படத்தைக் கொடுங்கள். பொதுவில் பகிரும்போது பெயரை மறைத்துவிடுங்கள். அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை.

காணொளியை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். தொடக்கத்தில் தேதி, நேரம், இடம் மூன்றையும் வாயால் சொல்லுங்கள். அதற்குமேல் திட்டுவது, குற்றம் சாட்டுவது எதுவும் வேண்டாம்.

கோப்பைக் காப்பாற்றுவதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அடங்கிய தரவு அழிந்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு நகலெடுங்கள். மூலக் கோப்பு எடுத்த போனிலேயே இருக்கட்டும். அந்தப் போனை விற்கவோ துடைக்கவோ கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைக் குற்றவியல் நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவரும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது: ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். நகலெடுத்த அன்றே எஸ்ஹெச்ஏ-256 என்ற வகை ஹேஷ் மதிப்பைக் கணித்து நாட்குறிப்பில் எழுதிவிட்டால், பிறகு யாரும் "திருத்திய படம்" என்று சொல்வது கடினம். பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல, அங்கே இவ்வளவு கெடுபிடி இருக்காது. ஆனால் விவகாரம் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்கும் என்று முதல் நாளில் சொல்ல முடியாது.

நாட்குறிப்புக்குத் தைத்த நோட்டு வாங்குங்கள், சுருள் கம்பி நோட்டு வேண்டாம். பக்க எண் போடுங்கள். பால்பாயின்ட் பேனா. தவறினால் ஒரே கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பமிடுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். தேதி, நேரம், இடம், மழை உண்டா, காற்று எந்தப் பக்கம், கண்ணால் கண்டது, வண்டி எண், உடன் இருந்தவர், படக் கோப்பு எண்கள்.

"ஆசிட் கொட்டினார்கள்" என்று எழுதுவது தவறு. அது ஆசிட் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "மஞ்சள் நிறத் தண்ணீர், கண் எரிந்தது, பிஹெச் தாள் 2 காட்டியது" என்று எழுதுங்கள் (பிஹெச் என்பது அமிலத்தன்மையின் அளவு, 7க்குக் குறையக் குறைய அமிலம் அதிகம்). கண்டது வேறு, ஊகித்தது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பத்துப் பேருக்கும் பழக்கிவிட்டால் பயிற்சியில் பாதி முடிந்தது.

5. தண்ணீர் மாதிரி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

நீங்கள் எடுத்த மாதிரியை வைத்து ஆலையைத் தண்டிக்க முடியாது. நீர் மாசைத் தடுப்பதற்கான நீர்ச் சட்டம், 1974இன் 21ஆம் பிரிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி மாதிரி எடுக்கும் முறை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது: ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், சீல் வைத்து இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்த நடைமுறை பிசகினால் வாரியம் எடுத்த மாதிரிகூட நீதிமன்றத்தில் நிற்காது.

பிறகு ஏன் நாம் எடுக்க வேண்டும்? வாரியத்தை வரவழைக்க, எந்த நேரத்தில் எந்த இடத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று காட்ட, தீர்ப்பாயத்தில் முதல்கட்ட நம்பிக்கை ஏற்படுத்த. அதற்கு நல்ல மாதிரி பெரிதும் உதவும்.

மூன்று இடத்தில் எடுங்கள்: கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே, கலக்கும் இடத்தில், அதற்குக் கீழே. மேலே எடுக்காத மாதிரி பயனற்றது, "தண்ணீர் ஏற்கெனவே அப்படித்தான் வந்தது" என்ற ஒரு வரியில் அடிபட்டுப்போகும்.

பாட்டில் விஷயம் எளிது போலத் தோன்றும், தவறுகள் இங்கேதான் அதிகம். பொதுவான வேதியியல் சோதனைக்கு 2 லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன் எடுத்து, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குச் சோதனைக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டும், அதை அலசவே கூடாது. அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டி, அளவு கூடிக் காட்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில், அதையும் அலசக் கூடாது, வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். கன உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலமும் வேதியியல் ஆக்சிஜன் தேவை, அதாவது சிஓடி, சோதனைக்குக் கந்தக அமிலமும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள், நீங்களே ஊற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டு சேருங்கள். உயிரியல் ஆக்சிஜன் தேவை, அதாவது பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), ஒரு நாள் வெயிலில் கிடந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஆய்வகம் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்றதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட சோதனை அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் சோதனைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். ஆகவே எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். சாயக்கழிவு என்றால் பிஹெச், கரைந்த உப்புகள், சிஓடி, குளோரைடு. தோல் தொழிற்சாலை என்றால் குரோமியத்தைச் சேருங்கள். சாக்கடை என்றால் பிஓடி, மலக்கிருமி.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பில் பிஹெச் 5.5 முதல் 9.0 வரை, பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி 250, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப் பிசுக்கு 10, மொத்தக் குரோமியம் 2. சில தொழில்களுக்குத் தனி வரம்பு உண்டு. அதோடு இவை குழாய்வாயில் வரும் கழிவுநீருக்கானவை, ஏரித் தண்ணீருக்கானவை அல்ல. மனுவில் இந்த இரண்டையும் குழப்பினால் பதில் எழுதுபவருக்கு வசதியாகிவிடும்.

கையடக்க டிடிஎஸ் மீட்டரை வைத்து "விஷம் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். அது கரைந்த உப்பின் அளவை மட்டும் உத்தேசமாகக் காட்டும். குரோமியமும் பூச்சிக்கொல்லியும் அதற்குத் தெரியாது. ஆனால் மேல்பகுதியில் 400, கீழ்ப்பகுதியில் 3000 என்று காட்டினால் இடையில் ஏதோ கலக்கிறது என்று தெரியும். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மீன் செத்தால் விடியற்காலையில் போங்கள். நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியும் முன் மிகக் குறைவாகவும் பிற்பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கையால் அதிகமாகவும் இருக்கும். நண்பகலில் அளந்து "ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது" என்று எழுதப்பட்ட ஆய்வறிக்கையை எதிர்க்க, அளந்த நேரம் என்ன என்று கேட்பதே போதும்.

6. மனு எழுதுதல்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தலைப்பிலேயே இடம், சர்வே எண், தேதி. பிறகு என்ன நடந்தது, எப்போது, எத்தனை முறை. அடுத்து எந்தச் சட்டம். கடைசியில் என்ன செய்யக் கேட்கிறீர்கள் என்பதை எண் போட்டு எழுதுங்கள்: நேரில் ஆய்வு, 21ஆம் பிரிவின்படி மாதிரி எடுத்தல், மனுதாரர் முன்னிலையில் ஆய்வு செய்தல், அறிக்கை நகல். இரவு 11 மணிக்குத்தான் திறந்துவிடுகிறார்கள் என்றால் அதைத் தெளிவாக எழுதி இரவு ஆய்வு கேளுங்கள். கேட்காவிட்டால் பகல் 12 மணிக்கு வந்து, காய்ந்து கிடக்கும் குழாயைப் பார்த்துவிட்டு "கழிவு வெளியேற்றம் காணப்படவில்லை" என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரியைப் பிறகு அழிப்பது பெரும்பாடு.

எல்லாரையும் சிறையில் தள்ளச் சொல்லி எழுதுவதும் ஒரு பொறி. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் 15ஆம் பிரிவில் இருந்த சிறைத்தண்டனைக்குப் பதிலாக, 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தம் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரையிலான அபராதத்தைக் கொண்டுவந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை. நீர்ச் சட்டத்திலும் 2024இல் இதே போன்ற திருத்தம் வந்தது, ஆனால் அது மாநிலம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அங்கே அமலாகும். மனு எழுதும் நாளில் நிலை என்ன என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்குப் போனால் பாரதிய நியாய சம்ஹிதையின் (புதிய தண்டனைச் சட்டம்) 279ஆம் பிரிவைச் சொல்லலாம். பொது நீரூற்றையோ நீர்த்தேக்கத்தையோ அசுத்தமாக்குவதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடனடித் தடை வேண்டும் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு. பொதுத்தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பலர் இந்த வழியை மறந்துவிடுகிறார்கள். கட்டணமும் பெரிதாக இல்லாத வழி இது.

மனுவை நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். தபால் என்றால் விரைவுத் தபால், ரசீதையும் சேர்ந்ததற்கான இணையப் பதிவையும் அச்சிட்டு வையுங்கள். வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால் அன்றே ஜெராக்ஸ் எடுங்கள்.

7. தகவல் உரிமை மனு

மனு போட்ட பதினைந்தாம் நாளே தகவல் உரிமை மனுவையும் போடலாம், நடவடிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை இதில் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இந்த ஆலைக்கு வழங்கிய இயக்க இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி), அதன் நிபந்தனைகள், கடந்த 3 ஆண்டின் ஆய்வறிக்கைகள், மாதிரி முடிவுகள், விளக்கம் கேட்பு அறிவிப்புகள், எங்கள் மனுமீதான கோப்புக் குறிப்புகள். ஆலை தொடர்பான தகவல் என்பதால் மூன்றாம் தரப்பு கருத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். அப்போது 40 நாள் வரை ஆகும்.

இன்னொரு வழி நீர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவுப்படி, இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும், அக்கறை உள்ள எவரும் அலுவலக நேரத்தில் அதைப் பார்க்கலாம். இசைவாணையில் "கழிவுநீர் வெளியேற்றம் இல்லை" என்று நிபந்தனை இருந்தால் உங்கள் வேலை சுருங்கிவிட்டது: வரம்பு மீறினார்களா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை, குழாய் இருப்பதே மீறல்.

8. ஊருக்கு என்ன சொல்வது

"சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று எழுதிய பதாகையால் ஒரு லாரிகூட நின்றதில்லை. சுவரொட்டியில் இருக்க வேண்டியவை: எதைக் கண்டால் சொல்ல வேண்டும், வண்டி எண்ணை எப்படிக் குறிக்க வேண்டும், யாருக்கு அழைக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது. நான்கு வரி, பெரிய எழுத்து, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டுங்கள்.

கிராம சபை இதற்கு நல்ல இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்று ஏரிப் பேச்சு இயல்பாகவே எடுபடும். முன்கூட்டியே ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் கொடுத்துப் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறுகிறதா என்று கூட்டம் முடியும் முன்பே நின்று பாருங்கள், நகல் கேளுங்கள். அந்த நகல் விழிப்புணர்வுக்கும் ஆகும், வழக்கு ஆவணத்துக்கும் ஆகும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் அவர்களைக் கண்காணிப்புக்கு அனுப்பாதீர்கள். ஆலையில் ஊர்க்காரர்களே வேலை செய்வார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆலையை மூடு என்பதையும் கழிவைச் சுத்திகரித்து விடு என்பதையும் பேச்சில் பிரித்துச் சொல்லாவிட்டால் ஊர் இரண்டாகிவிடும், சாட்சி சொல்ல ஆள் இருக்காது.

ஆய்வறிக்கை வரும் முன் ஆலையின் பெயரைப் போட்டுச் சமூக வலைத்தளத்தில் குற்றம் சாட்டாதீர்கள். அவதூறு வழக்கு வந்தால் ஊர்க்குழுவின் நேரமும் பணமும் அதிலேயே போய்விடும். தகவல் சொன்னவர் பெயரையும் பொதுவில் சொல்லாதீர்கள்.

9. பசுமைத் தீர்ப்பாயம்

தமிழ்நாட்டுக்கான தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடலாம், ஆனால் மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு கட்டணத்துக்குப் போகாது. மொழிபெயர்ப்பு, நகல், தட்டச்சு, வாய்தாவுக்குப் பயணம் இவற்றுக்குத்தான் போகும். மொழிபெயர்ப்பைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

எதிர்மனுதாரராக வாரியம், ஆட்சியர், உள்ளாட்சி, நீர்வளத் துறை ஆகியோரைச் சேர்த்துவிட்டு ஆலையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஆலையின் தரப்பைக் கேட்காமல் அதற்கு எதிராக உத்தரவு போட முடியாது. ஆலையின் சரியான சட்டப்பூர்வப் பெயர் இசைவாணையில் இருக்கும், வாசல் பலகையை நம்ப வேண்டாம்.

மனுவோடு இணைக்க: நிகழ்வுகளின் தேதிப்பட்டியல், இட வரைபடம், புலப்பட (சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடம்) நகல், படங்கள், ஆய்வக அறிக்கை, அனுப்பிய மனுக்களும் ஒப்புகைகளும், தகவல் உரிமைப் பதில்கள், கிராம சபைத் தீர்மானம், பிரமாணப் பத்திரம். தேதிப்பட்டியலில் தனிக்கவனம் செலுத்துங்கள், அமர்வு முதலில் புரட்டுவது அதைத்தான்.

பெரும்பாலும் முதல்கட்டத்தில் தீர்ப்பாயம் வாரியமும் மாவட்ட நிர்வாகமும் கொண்ட கூட்டுக் குழுவை அமைத்து நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லும். அந்தக் குழு வரும் நாளில் உங்கள் ஆள் அங்கே இருக்க வேண்டும். ஐந்து படமும் மின்கம்ப எண்ணும் அச்சிட்ட தாளைக் கையில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். அறிக்கை உங்களுக்கு எதிராக இருந்தால் ஆட்சேபனை தாக்கல் செய்யலாம். அப்போது நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியும் வேலை செய்யும். 18ஆம் பிரிவு 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது, ஆனால் அதைத் தாண்டும் வழக்குகள் நிறைய உண்டு என்று எண்ணித் திட்டமிடுங்கள். பொய்யான, அலைக்கழிக்கும் மனு என்று கருதினால் உங்கள்மீதே செலவுத்தொகை விதிக்கவும் 23ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. தெரியாததைத் தெரிந்ததாக மனுவில் எழுதாதீர்கள்.

தீர்ப்பாயம் சிறைத்தண்டனைக்கான குற்றவியல் விசாரணை நடத்தும் இடம் அல்ல. அது வேண்டும் என்றால் நீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவில், வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதித்துறை நடுவரிடம் நேரடியாகப் புகார் தாக்கல் செய்யலாம். அப்படிப் புகார் தொடுப்பவர் கேட்டால், கைவசமுள்ள உரிய அறிக்கைகளை வாரியம் தர வேண்டும், பொதுநலனுக்கு எதிரானது என்று கருதினால் மட்டும் மறுக்கலாம்.

10. உத்தரவுக்குப் பிறகு

உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, அதில் யார் எதை எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் நகலோடு ஒரு கடிதம், ஒப்புகையுடன். கெடு முடிந்த மறுநாளே ஏரிக்குப் போய் அதே ஐந்து படத்தை அதே இடத்திலிருந்து எடுங்கள். எதிர்த்தரப்பு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் இருக்கிறது. தடை வாங்கினார்களா என்று பாருங்கள். தடை இல்லை, வேலையும் நடக்கவில்லை என்றால் நிறைவேற்று மனு போடுங்கள். 25ஆம் பிரிவுப்படி தீர்ப்பாய உத்தரவை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம். அந்த மனுவுக்கு வேண்டிய முக்கிய ஆவணம், கெடு முடிந்த மறுநாள் எடுத்த அந்தப் படங்களும் அன்றைய நாட்குறிப்புப் பக்கமும்தான்.